கைநாட்டும் கைரேகையும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டிப் பழவேற்காட்டில் நடைபெற்ற இளைஞர் அரங்கில், காவல்துறை விரல்ரேகைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

குற்றம் நடந்த இடத்தில் தடயம் எடுக்கும் பணியைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பேச்சாளன் அல்லன் நான். முப்பதாண்டுக் காலம் பொடியும் தூரிகையும் லென்சுமாக வாழ்ந்தவன். பேசாத பொருள்களைப் பேச வைப்பதே தொழிலாக இருந்ததால், நானாகப் பேசும் பழக்கம் குறைந்து போயிற்று. ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். அது என் தாயாரின் கை.

என் தாயார் இந்த ஏரியில் இறால் தடவியவர். ஏரியில் முறைவைத்து வலை கட்டும் ‘பாடு’ உரிமை எங்கள் தெருவாருக்கு இருந்ததில்லை. உரிமை இல்லாதவர்க்கு மிஞ்சியது வெறுங்கை. விடியுமுன் நீரில் இறங்கி, பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போட்டுக்கொண்டே நகர்வார். இறாலின் முள் குத்தும், சிப்பி கீறும், உப்பு அந்தக் காயத்தில் குடியிருக்கும். நான் விரல்ரேகைப் பயிற்சியில் சேர்ந்த புதிதில் விடுமுறைக்கு வந்தபோது, கற்ற வித்தையைக் காட்டும் ஆசையில் அவர் விரல்களில் மை தடவிக் காகிதத்தில் உருட்டினேன். பத்து விரலிலும் ரேகை இல்லை. குறுக்கும் நெடுக்குமாக வெட்டுக் கோடுகளே விழுந்தன. ‘என்னடா, என் தலையெழுத்து அதிலே தெரியுதா?’ என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அவர் தகரப் பெட்டியிலிருந்து ஒரு புரோநோட்டை எடுத்துக் காட்டினார். நான் சிறுவனாக இருந்தபோது மீன் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய கடன் அது. வாங்கியது 300 ரூபாய். நோட்டில் இருந்தது 800. அந்த 800-க்கும் வட்டிக்குமாகப் பதினோரு ஆண்டு, அவர் சொன்ன விலைக்கு இறாலைக் கொட்டித் தீர்த்த பிறகே நோட்டு கைக்குத் திரும்பியது. ‘நான் ரெண்டு தடவை கைநாட்டு வெச்சதா எனக்கு நினைவே இல்லை’ என்றார். லென்சை வைத்துப் பார்த்தேன். தெளிவான, வழவழப்பான ஒரு சுழி ரேகை. ஏரிச் சேறு அறியாத விரலின் ரேகை. ஆயினும் ஐயத்தைக் கொண்டு முடிவு சொல்லக் கூடாது என்பதே எங்கள் முதல் பாடம். காத்திருந்தேன். சில ஆண்டு கழித்து அவர் நோயுற்று மூன்று மாதம் நீரில் இறங்காமல் படுத்திருந்தார். மேல்தோல் தேய்ந்தாலும், உள்தோலில் ஆழ்ந்த காயம் இல்லாதவரை, ரேகை பழைய வடிவிலேயே மீண்டும் வளரும். அவர் ரேகையும் மீண்டது. இரு கட்டைவிரல்களிலும் இருந்தவை கண்ணி வடிவ ரேகைகள், சுழி அன்று. யாரோ ஒருவருடைய விரலை வைத்து இன்னொரு நோட்டு எழுதியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டபோது வியாபாரியும் இல்லை. வழக்குப் போடும் காலக்கெடுவும் இல்லை.

இளைஞர்களே, எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பதற்கு நம் மொழியில் ‘கைநாட்டு’ என்றே ஒரு சொல் இருக்கிறது. அந்தக் கைநாட்டைப் படிக்கத் தெரிந்தவன் அந்நாளில் நம் தெருவில் ஒருவன் இருந்திருந்தால், பதினோரு ஆண்டு இறால் எங்கள் வீட்டில் இருந்திருக்கும்.

விரல்ரேகைக் கலை மேலைநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியானது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 1858-ஆம் ஆண்டு வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குக் கப்பி தருவதற்கான ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கையையும் பதித்து வாங்கினார். பின்னாளில் சொன்ன சொல்லை மறுக்காதிருக்க அச்சமூட்டுவதே அவர் முதல் நோக்கம். பிறகு 1897-ஆம் ஆண்டு கல்கத்தாவில் விரல்ரேகைக்கென்றே பணியகம் அமைந்தது. பத்து விரல் ரேகைகளை 1,024 அறைகளாகப் பகுத்து, தேடிய தாளை விரைவில் எடுக்கும் முறையை உருவாக்கி உழைத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியத் துணை ஆய்வாளர்கள். உலகெங்கும் அந்த முறை யார் பெயரால் வழங்குகிறது? அவர்களுக்கு மேலதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரால்! பின்னாளில் இருவருக்கும் பட்டமும் ஆளுக்கு 5,000 ரூபாய் வெகுமதியும் கிடைத்தன என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். உழைப்பவன் ஒருவன், பெயர் பெறுபவன் இன்னொருவன் என்பது நமக்குப் புதிய செய்தியும் அன்று.

இதற்கு ஒரு கரிய பக்கமும் உண்டு. குற்றம் செய்தவனைக் கண்டறியப் பிறந்த கலை, குற்றமே செய்யாத சாதிகளைக் கட்டிப்போடவும் பயன்பட்டது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். பிறந்த குலத்தைக் காட்டியே ரேகை எடுத்தார்கள். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் ‘எங்கள் விரலைத் தரமாட்டோம்’ என்று எதிர்த்து நின்ற மக்களைச் சுட்டார்கள், பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தாலும் அந்தப் பார்வை முழுதும் ஒழிந்துவிடவில்லை. எங்கேனும் ஒரு களவு நடந்தால் முதலில் இருளர் குடிசைக்கு நடக்கும் கால்களை நான் பணியில் இருந்தபோதே கண்டிருக்கிறேன். ஒருமுறை அப்படிப் பிடித்து வந்து உட்கார வைத்திருந்த மூவரின் ரேகைகளைக் களவு நடந்த வீட்டின் பித்தளைக் குடத்தில் இருந்த ரேகையோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மாலைக்குள் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். என் பணிக்காலத்தில் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்த ரேகைகள் பல உண்டு; எனக்கு நிறைவளித்தவை இப்படிப் பொருந்தாமல் போன ரேகைகளே.

இனிப் பணியைப் பற்றி. திரைப்படத்தில் வருவது போல் ஒருவர் வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குற்றவாளியின் பெயரைச் சொல்வதில்லை. சம்பவ இடத்துக்குப் போனதும் முதல் வேலை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. எந்த வழியாக உள்ளே போவது, எந்த வழியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று முடிவு செய்த பிறகே அடுத்த அடி. இருந்தது இருந்தபடியே அளவுகோல் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். வரைபடம் போட வேண்டும். அதன் பின்னரே பொடி. கண்ணாடியும் பளபளப்பான தகரமும் பொடிக்குப் பேசும். காகிதத்துக்கு நின்ஹைட்ரின் என்னும் வேதிப்பொருள் வேண்டும். நீரில் நனைந்த பொருளுக்கு வேறு கரைசல். நம் கடற்கரைக் காற்றோ உப்பும் ஈரமும் நிறைந்தது. படகிலும் மரத்துடுப்பிலும் ரேகை எடுப்பது எளிதன்று. எத்தனையோ நாள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

குருதி படிந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். பிளாஸ்டிக் பையில் இட்டால் புழுங்கி அழுகி, சான்றே அழிந்துவிடும். உறைக்கு மேல் எண், நாள், நேரம், முத்திரை, மகஜர் சாட்சிகளின் கையெழுத்து. அந்த உறை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்கு ஓரிடத்தில் எழுத்து இல்லையென்றால், அறிவியல் முழுவதும் சரியாக இருந்தும் வழக்கு தோற்கும். இளைஞர்களே, இந்தப் பணியில் பாதி அறிவியல், பாதி குமாஸ்தா வேலை. குமாஸ்தா வேலையை ஏளனமாக எண்ணுபவர் இங்கே நிலைக்க முடியாது.

நம் ஏரிக்கு உரிய வேலை ஒன்று உண்டு. நீரில் கிடந்த உடல். முகத்துவாரத்தின் பக்கம் ஒதுங்கும் உடலுக்கு முகம் இருக்காது. மீனும் நண்டும் அதை விட்டுவைப்பதில்லை. பல நாள் ஊறிய உடலில் கைத்தோல் உறை போலக் கழன்று வரும். அப்போது அந்தத் தோலைக் கவனமாகக் கழற்றிக் கழுவி, கையுறை அணிந்த தன் விரலின் மேல் அதை மாட்டிக்கொண்டு, தன் விரலைப் போலவே மையில் தோய்த்து உருட்ட வேண்டும். இறந்தவர் இன்னார் என்று எழுத வேண்டுமானால் ஒரு கணம் அவர் விரலாக நம் விரல் ஆகவேண்டும். முதன்முறை இதைச் செய்து முடித்தபின் இரண்டு நாள் என்னால் சோறு பிசைய இயலவில்லை.

அன்று உடன் பணியாற்றிய ஒருவர் சொன்னார்: ‘உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே!’ அவர் எதைச் சொன்னார் என்பது இங்கிருக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிணம் தூக்கவும் பறையடிக்கவும் குழி தோண்டவும் பிறந்தவன் என்ற பழைய கணக்கு அது. நான் மறுமொழி சொல்லவில்லை. இறந்தவர் யார் என்பதை நிறுவும் தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். அறுவைக் கூடத்தில் உடலைப் புரட்டிக் கொடுத்தவரும் நம்மவரே. அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பை உங்களிடம் விடுகிறேன்.

நீரில் மூழ்கி இறந்தாரா, இறந்த பின் நீரில் இடப்பட்டாரா என்பது இன்னொரு கேள்வி. ‘குடித்திருந்தான், தவறி விழுந்தான்’ என்று எழுதி முடித்துவிடுவது எளிது. ஏரி நீரில் டையாட்டம் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் உண்டு. உயிரோடு மூழ்குபவர் நீரை உள்ளிழுக்கும்போது அவை நுரையீரல் வழியே குருதியில் கலந்து எலும்பு மச்சைவரை போய்ச் சேரக்கூடும். மச்சையில் கிடைத்தவற்றை ஏரி நீரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இது ஒன்றே முடிவான சான்று ஆகாது. மற்றவற்றோடு சேர்த்தே எடைபோட வேண்டும். ஆனால் உடல் கிடந்த இடத்து நீரை ஒரு புட்டியில் எடுத்து வைக்க அன்றைக்கு யாருக்கேனும் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாவிட்டால் ஒப்பிட எதுவுமில்லை.

நம் கரைக்கு அண்டை வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு நினைவிருக்கும், பாட்டாகவும் கதையாகவும் ஊரெல்லாம் பேசிய ஆளவந்தார் கொலை வழக்கு. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் போட் மெயில் ரயிலில் நாற்றம் வீசிய பெட்டியை மானாமதுரையில் இறக்கித் திறந்தால், தலையில்லாத உடல். தலையோ சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. மறைக்க எண்ணியவர்கள் கடலை நம்பினார்கள். கடல் யாருக்கும் கையாள் இல்லை என்பதை நம் மக்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்! சென்னை மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவப் பேராசிரியர் சி. பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் ஆராய்ந்து, இரண்டும் ஒருவருடையவையே என்று நிறுவினார். அந்த மனிதர் முன்பு படைப்பணியில் இருந்தவர். அங்குப் பதிவான விரல்ரேகையும் ஒத்துப்போனது. ஐந்நூறு கிலோமீட்டர் இடைவெளியில் கிடந்த இரு பாதிகளை இப்படி ஒரு பெயரின் கீழ்ச் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் நம் சங்கத்தின் மேடையில் சொல்வானேன்? காரணம் இருக்கிறது. நம் மக்கள் பாதிக்கப்படும் வழக்கு எங்கே தோற்கிறது என்று பாருங்கள். சாட்சிக் கூண்டில் தோற்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவர் எதிரியின் வயலில் கூலிக்குப் போகிறவர். எதிரியின் கடையில் கடன் வைத்திருப்பவர். பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டியவர். வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்குள் அவர் நாக்கு உலர்ந்துவிடுகிறது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டனர். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்த வடு நம் நெஞ்சில் ஆறவில்லை.

அதற்கு மாறாக இன்னொரு வழக்கைப் பாருங்கள். 2015-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் கோகுல்ராஜ் என்னும் நம் இனத்துப் பொறியியல் பட்டதாரி, தோழி ஒருவருடன் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சென்றார். மறுநாள் பள்ளிபாளையத்துக்கு அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டக் கடிதமும் இருந்தது. விசாரணையில் முதன்மைச் சாட்சியான அந்தத் தோழி பிறழ்ந்தார். கோயில் கேமராவில் பதிந்த உருவம் தாமே அல்ல என்றார். அந்தப் பெண்ணைப் பழிக்க நான் இங்கு நிற்கவில்லை. அச்சம் என்பதை நாம் அறியாதவர்களா? ஆனால் கேமராவுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, கடன் இல்லை. அந்தப் பதிவை முறைப்படி கைப்பற்றி, மின்னணுச் சான்றுக்கு வேண்டிய சான்றிதழோடு நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் சென்று இடத்தைப் பார்த்தார்கள். 2023-ஆம் ஆண்டு ஜூனில் எண்மரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். இடத்தைப் பார்ப்பது என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை அன்று நான் மீண்டும் உணர்ந்தேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரேகை பொய் சொல்லாது. ரேகையைப் படிப்பவன் தவறலாம். 2004-ஆம் ஆண்டு மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை, அதில் எவ்விதத் தொடர்பும் இல்லாத அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வுத் துறையின் வல்லுநர்களே சொல்லிச் சிறை வைத்தார்கள். பிறகு ஸ்பெயின் நாட்டுக் காவல்துறை உண்மையான ஆளைக் காட்டியதும் மன்னிப்புக் கேட்டார்கள். முன்கூட்டியே ஒருவனைக் குற்றவாளியாக எண்ணிக்கொண்டு லென்சைக் கையில் எடுப்பவன், தான் எண்ணியதையே காண்பான். எந்தச் சாதியைக் கண்டதும் எந்தக் குற்றம் நினைவுக்கு வருகிறது என்னும் நோய் உள்ள நாட்டில், லென்சுக்குப் பின்னால் யாருடைய கண் இருக்கிறது என்பது சிறிய செய்தி அன்று.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு சொல். நம் தெருவில் ஒருவர் ஐயத்துக்கு இடமாக இறந்தால், அழுகையின் வேகத்தில் உடலைக் கழுவிவிடுகிறோம், துணியை மாற்றுகிறோம், நூறு கால் அந்த இடத்தை மிதிக்கிறது. தாயின் அழுகையை நிறுத்த எவராலும் முடியாது. ஆனால் இளைஞர் நால்வர் கைகோத்து அந்த இடத்தைச் சுற்றி நிற்க முடியும். கால் தடத்தின் மேல் ஓர் அகலச் சட்டியைக் கவிழ்த்து வைக்க முடியும். செல்பேசியில் இருந்தது இருந்தபடி படம் எடுத்து, அதை வெட்டாமல் ஒட்டாமல் வைத்திருக்க முடியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி அத்தகைய வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர் புலனாய்வு செய்ய வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் வந்து தடயம் எடுக்க வேண்டும், அதைப் படம்பிடிக்கவும் வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதைச் செயலுக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம் தந்திருக்கிறது. ‘வல்லுநர் எப்போது வருகிறார்?’ என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்பவர் குரல் உரத்திருக்க வேண்டியதில்லை. எழுத்தில் இருந்தால் போதும்.

இனி, இந்தப் பணிக்கு வர விரும்புவோருக்கு. அறிவியல் பட்டம் வேண்டும். இயற்பியலும் வேதியியலும் கடினம் என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே விலகிப் போகாதீர்கள். விரல்ரேகை உதவி ஆய்வாளர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. தடய அறிவியல் துறையின் அறிவியல் அலுவலர்களை அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. பணியில் சேர்ந்த பின்னும் வல்லுநர் எனப்பட அகில இந்தியத் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். நான் முதன்முறை தோற்றேன். சம்பளத்தையும் சீருடையையும் மட்டும் எண்ணி வருபவர்கள் முதல் அழுகிய உடலோடு மாறுதல் கேட்டுவிடுவார்கள். நள்ளிரவில் அழைப்பு வரும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் படிப்பையும் பிறப்பையும் ஒருங்கே கேலி செய்வார். கண்டதை மட்டும் சொல்லுங்கள். காணாததைச் சொல்லும்படி உங்கள் தரப்பு அதிகாரியே கேட்டாலும் சொல்லாதீர்கள். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு பதவி உயர்வு. கொடுத்ததற்கு வருந்தவில்லை.

சென்ற மாதம் இங்குள்ள ஒரு நியாயவிலைக் கடையில் நின்றிருந்தேன். 2020-ஆம் ஆண்டு முதல் விரல் வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்துவிட்டதல்லவா? ஏரியில் இறால் தடவும் அம்மையார் ஒருவர் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கிறார்; இயந்திரம் ஏற்கவில்லை. ‘ரேகையே இல்லையேம்மா’ என்றார் கடைக்காரர். அந்த அம்மையார் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்வை என் தாயாருடையதாகவே எனக்குத் தோன்றியது.

மதிய உணவுக்குப் பின் பின்கட்டு வகுப்பறையில் ஒரு மேசை போட்டுத் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். மையும் உருளையும் லென்சும் கொண்டு வந்திருக்கிறேன். என் தாயாரின் அந்தப் புரோநோட்டும், அவர் நோயுற்றிருந்தபோது நான் எடுத்த ரேகைத் தாளும் பக்கத்தில் இருக்கும். விரும்புகிறவர்கள் வந்து தாங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள். மீன் எண்ணெய் இருந்தால் மை ஒட்டாது.